அழைக்கப்படுவதற்கே பெயர்





சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த இளந்தம்பதியர் தங்கள் மூன்று மாத ஆண் குழந்தையோடு ஆலய வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த மாதம் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம். பிறப்புச் சான்றிதழில் பெயர் இன்னும் பதியப்படவில்லை. கணவர் தம் கைப்பேசியைத் திறந்து ஐந்து பெயர்களைக் காட்டினார்: பாலிகார்ப், அத்தனாசியஸ், எராஸ்மஸ், அரிஸ்தர்க்கு, பிலொலோகு.

"ஐயா, நம்ம சபையில யாருக்குமே இல்லாத பேரா இருக்கணும். பழைய கிரேக்கப் பேரா, படிச்சவங்க கேட்டா நிமிர்ந்து பார்க்குற பேரா இருக்கணும். நீங்க கிரேக்கம் படிச்சவங்க. எதை வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். உடன் வந்திருந்த குழந்தையின் ஆச்சி ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். இதே கேள்வி சபையில் வேறு பல வீடுகளிலும் இருப்பதால், பதிலை எல்லாருக்குமாக எழுதட்டுமா என்று கேட்டபோது இருவரும் மனமுவந்து சம்மதித்தார்கள். ஆகவே இந்த வாரச் சிந்தனை பெயர்களைப் பற்றியது. இதில் நான் சொல்வது உபதேசமன்று. ஒரு போதகனுடைய கருத்து. அதை எந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாவது, நமக்கு அரியவையாகத் தோன்றும் இந்தப் பெயர்கள் தாங்கள் பிறந்த இடத்தில் எப்படி ஒலித்தன என்று பார்ப்போம். அப்போஸ்தலனாகிய பவுல் கி.பி. 57 வாக்கில் ரோமாபுரியிலுள்ள விசுவாசிகளுக்கு நிருபம் எழுதினார். அதன் 16-ஆம் அதிகாரத்தில் 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். நம்மில் பலர் அந்த அதிகாரம் வரும்போது வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். வேதபாடம் வாசிக்க வரும் வாலிபர்கள் அந்தப் பகுதியைக் கண்டால் அஞ்சுகிறார்கள். அசிங்கிரீது, பிலெகோன், பத்திரொபா, ஸ்தாக்கி, பிலொலோகு என்று நாவைச் சோதிக்கும் பெயர்கள்.

ஆனால் ரோமாபுரியின் தெருக்களில் இவை மிகச் சாதாரணமாக ஒலித்திருக்கும். ஸ்தாக்கி என்றால் கதிர். நம் ஊரில் "கதிர்" என்று ஒருவனை அழைத்தால் யாரும் வியந்து திரும்பிப் பார்ப்பதில்லை. அசிங்கிரீது என்றால் ஒப்பற்றவன். பிலொலோகு என்றால் சொல்லை நேசிப்பவன், கல்வியில் விருப்பமுள்ளவன். மொழியாராய்ச்சியைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பிலாலஜி என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததே. கேட்பதற்கு ஒரு பேராசிரியரின் பெயர்போல் இருக்கிறது. ஆயினும் இந்த அதிகாரத்திலுள்ள பெயர்களில் பல, அக்காலத்தில் அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் மிகுதியாக வழங்கிய பெயர்கள் என்பதை ரோம நகரின் பழைய கல்வெட்டுகள் காட்டுகின்றன. எர்மே என்ற பெயரும் பிலொலோகு என்ற பெயரும் அவற்றுள் அடங்கும். ஓர் எசமான் தான் விலைக்கு வாங்கிய மனிதனுக்குத் தனக்குப் பிடித்த பெயரை இடுவான். அழைக்கப்படுபவனின் விருப்பத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

பிலேமோனுடைய வீட்டிலிருந்து பிரிந்துபோன ஒநேசிமுவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரின் பொருள் பயனுள்ளவன். ஒரு கருவியின்மேல் ஒட்டப்படும் சீட்டுபோன்ற பெயர் அது. பவுல் அந்தப் பொருளையே எடுத்து அன்போடு விளையாடுகிறார். முன்னே உனக்குப் பயன்படாதிருந்தவன் இப்போது உனக்கும் எனக்கும் பயன்படுகிறவன் என்ற கருத்தில் எழுதி, அவனை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். பெயர் மாறவில்லை, அதை உச்சரிப்பவரின் உள்ளம்தான் வேறு.

இரண்டாவது, "கிரேக்கப் பெயர் என்றால் பரிசுத்தமான பெயர்" என்று எண்ணுகிறவர்களுக்கும், அதற்கு நேர்மாறாக "அந்நிய தேவர்களின் பெயரை வைக்கலாமா" என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு சொல். புதிய ஏற்பாட்டு விசுவாசிகள் பலருடைய பெயர்களில் கிரேக்கத் தெய்வங்கள் குடியிருந்தன. அலெக்சந்திரியாவில் பிறந்து வேதாகமங்களில் வல்லவனாயிருந்த அப்பொல்லோவின் பெயரில் அப்பொல்லோ தேவன் இருக்கிறான். பிலிப்பி சபையிலிருந்து காணிக்கையைக் கொண்டுவந்து, வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய்ப் போன எப்பாப்பிரோதீத்துவின் பெயரில் அப்ரோதீத்தே தேவதை இருக்கிறாள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளின் பெயர் அர்த்தெமி தேவதைக்கு வழங்கிய பட்டம். நேரே என்பது கிரேக்கரின் கடல் தேவனுடைய பெயர். இவர்களில் ஒருவரிடமும் பெயரை மாற்றிக்கொள்ளும்படி பவுல் சொன்னதாக எழுதப்படவில்லை. அந்தப் பெயர்களைச் சொல்லியே அவர்களை வாழ்த்தினார். அவர்களுடைய பிரயாசத்தைப் புகழ்ந்தார்.

ஆகவே ஒரு பெயரின் வேர்ச்சொல்லைத் தோண்டிப் பார்த்து, அதனாலேயே குழந்தை ஆசீர்வதிக்கப்படும் என்றோ கெட்டுப்போகும் என்றோ நாம் கணக்கிட வேண்டியதில்லை. தெமேத்திரியு என்ற பெயரைப் பாருங்கள். எபேசுவில் தியானாள் தேவியின் கோவிலை வெள்ளியில் சிறிது சிறிதாகச் செய்து விற்றவன் ஒரு தெமேத்திரியு. வருமானம் குறையும் என்று கண்டதும் நகரம் முழுவதையும் கலகத்தில் தள்ளியவன் அவன். யோவானின் மூன்றாம் நிருபத்தில் இன்னொரு தெமேத்திரியு வருகிறான். எல்லாராலும் நற்சாட்சி பெற்றவன். ஒரே பெயர், ஒரே பொருள், ஒரே மொழி. பிலேத்து என்றால் நேசிக்கப்பட்டவன். அவனோ சத்தியத்தைவிட்டு விலகிப் பிறருடைய விசுவாசத்தையும் கவிழ்த்தான். பெயர் மனிதனை உருவாக்குவதில்லை என்பதற்கு வேதாகமத்திலேயே இத்தனை சாட்சிகள் இருக்கின்றன.

மூன்றாவது, "யாருக்கும் இல்லாத பெயர்" என்ற ஆசை. இதற்கு ஆதாரமாகச் சிலர் யோவான்ஸ்நானகனைச் சுட்டிக்காட்டுவதுண்டு. உறவின்முறையாரில் இந்தப் பெயருள்ளவன் ஒருவனும் இல்லையே என்று அயலார் ஆட்சேபித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் யோவான் என்பது அக்கால யூதரிடையே மிகப் பரவலாக இருந்த பெயர். அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே அது புதிது. மேலும் சகரியா அந்தப் பெயரைத் தேடி எடுக்கவில்லை. கொடுக்கப்பட்ட பெயரை, பேசமுடியாத நிலையில், எழுத்துப்பலகையில் எழுதினார். தன் புலமையைக் காட்டிக்கொள்ள அவருக்கு நாவே இல்லாதிருந்தது.

ஆதித்திருச்சபை அருமையான பெயர்களைத் தேடி அலையவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவின் பேராயராயிருந்த தியொனீசியு, விசுவாசிகள் பலர் தங்கள் பிள்ளைகளுக்குப் பவுல் என்றும் பேதுரு என்றும் பெயரிடுகிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். எல்லாருக்கும் இருக்கிற பெயரையே அவர்கள் விரும்பினார்கள். காரணம், அந்த மனிதர்களை அவர்கள் நேசித்தார்கள். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கிறிசோஸ்தோம் இன்னொரு வழக்கத்தைக் கண்டித்தார். பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, கடைசிவரை அணையாமல் எரிந்த விளக்கின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டுவார்களாம். பிள்ளை நீண்டகாலம் வாழும் என்ற நம்பிக்கை. அதை விட்டு, நீதிமான்களின் பெயர்களை இடுங்கள், அவர்களுடைய வாழ்க்கை பிள்ளைக்கு முன்மாதிரியாகட்டும் என்று அவர் பெற்றோருக்கு அறிவுரை கூறினார். இங்கே ஒரு சிறிய வேடிக்கையும் உண்டு. கிறிசோஸ்தோம் என்றால் பொன்வாயன். அழகான பெயர் என்று பலர் அதைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். ஆனால் அவருடைய தாய் அந்தப் பெயரால் அவரை ஒருபோதும் அழைத்ததில்லை. அவர் மரித்தபின் அவருடைய பிரசங்கங்களுக்காக உலகம் கொடுத்த பட்டம் அது. வீட்டில் அவர் யோவான் மட்டுமே.

படித்தவர்கள் கிரேக்கப் பெயர்மேல் மோகம் கொள்வதும் புதிதன்று. சீர்திருத்தக் காலத்து ஜெர்மானிய அறிஞர்களிடையே, தங்கள் நாட்டுப் பெயரைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்துச் சூடிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. லூத்தரின் உடன் ஊழியராய் 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை எழுதிய பிலிப் மெலாங்க்தோன் பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் ஷ்வார்ட்ஸெர்ட். கரிய மண் என்று பொருள். உறவினராகிய ஓர் அறிஞர், சிறுவனின் கிரேக்கப் புலமையைப் பாராட்டி அதைக் கிரேக்கமாக்கிக் கொடுத்தார். அதே மெலாங்க்தோன் பிற்காலத்தில், தம் பெயரின் நடுவிலிருந்த கடின ஒலியை நீக்கி மெலாந்தோன் என்று எளிமையாக எழுதலானார். அவ்வளவு பெரிய அறிஞருக்கும் தம் பெயரின் பாரம் சற்றுக் குறைந்தால் நல்லது என்று தோன்றியிருக்கிறது.

இதுவரை நான் எழுதியது நூல்களிலிருந்து கற்றது. இனி எழுதப்போவது என் வீட்டில் நடந்தது.

இறையியல் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் கிரேக்கம். வகுப்பில் முதலாவதாக வந்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. முதல் மகன் பிறந்தபோது, ரோமர் 16-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து அவனுக்கு இட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், ஆகவே எழுதவில்லை. திருமண்டலத்தில் வேறொருவனுக்கும் அந்தப் பெயர் இராது என்று நண்பர்களிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

ஞானஸ்நானத்தன்று வீட்டில் விருந்து. உறவினரும் உடன் ஊழியர்களும் வந்திருந்தார்கள். என் தாயார் எழுத்துக்கூட்டி வேதம் வாசிக்கத் தெரிந்தவர்கள். வயல்வேலை செய்து என்னைப் படிக்கவைத்தவர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்பாகவும் ஆசையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நடுவில் ஓர் அசை விழுந்துவிட்டது. நான் சிரித்தேன். "அப்படி இல்லம்மா" என்று சொல்லி, பெயரை மூன்றாகப் பிரித்து, பள்ளிப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தேன். இரண்டாம் தடவையும் தவறியது. விருந்தினர் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதன்பின் அம்மா என் மகனைப் பெயர் சொல்லி அழைக்கவேயில்லை. "தம்பி" என்பார்கள், "ராசா" என்பார்கள், "சின்னவனே" என்பார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. பாட்டிமார் அப்படித்தானே அழைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. அம்மா கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது ஒரு மாலைவேளையில், "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற செவிலியர், "எந்தத் தம்பி பாட்டி? பேரைச் சொல்லுங்க, வெளியே இருக்காங்களான்னு கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். "நீயே சொல்லிரு ஐயா. நான் சொன்னா தப்பாயிரும்" என்றார்கள்.

பிரியமானவர்களே, எத்தனையோ மேடைகளில் பிழையில்லாத கிரேக்கத்தை உச்சரித்திருக்கிறேன். அன்று அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாவு எழவில்லை.

என் மகனுக்கும் அந்தப் பெயர் எளிதாக இருக்கவில்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியர்கள் அவன் பெயர் வந்ததும் சற்று நிறுத்துவார்களாம். அந்த இடைவெளியைக் கொண்டே தன் முறை வந்துவிட்டது என்று அறிந்து, அவர்கள் வாய் திறக்குமுன் "உள்ளேன் ஐயா" என்று எழுந்துவிடப் பழகிக்கொண்டான். மூன்று சான்றிதழ்களில் மூன்று விதமாக எழுத்துகள் விழுந்தன. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றை ஒன்றாக்குவதற்குள் பட்ட அலைச்சல் கொஞ்சமன்று. ஆனாலும் பெயரை மாற்றித் தரும்படி அவன் கேட்டதில்லை. பத்து வயதில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, அவர் யாரு? என்ன செஞ்சாரு?"

நான் பெயரின் பொருளைச் சொன்னேன். எந்த வேரிலிருந்து வந்தது, எந்த ஈறு சேர்ந்தது என்று விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பேரோட அர்த்தம்ப்பா. ஆள் யாரு?" என்றான். எனக்குப் பதில் இல்லை. அந்த மனிதனைப்பற்றி வேதாகமத்தில் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லப்படவில்லை. பிள்ளைக்கு ஒரு மனிதனைக் கொடுப்பதாக நினைத்து ஓர் அகராதிச் சொல்லைக் கொடுத்திருந்தேன்.

வெகுகாலம் சென்றபின், அம்மா மறைந்த ஆண்டில், அதே அதிகாரத்தைக்கொண்டு பிரசங்கிக்க ஆயத்தம் செய்தேன். பவுல் அந்த நிருபத்தை எழுதியபோது ரோமாபுரியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கேயிருந்த இத்தனை பேரையும் அவர் பெயர் பெயராக அறிந்திருந்தார். அடிமையையும் விடுதலையானவனையும், ரூபுவையும், தனக்கும் தாயாக இருந்தவள் என்று அவர் சொல்லும் ரூபுவின் தாயையும் ஒருவரையும் விடாமல் வாழ்த்தினார். நிருபம் சபையில் சத்தமாக வாசிக்கப்பட்டபோது, எசமான் கட்டளையிடுவதற்கு மட்டுமே உச்சரித்த ஒரு பெயர் அன்பின் வாழ்த்தாகக் காதில் விழுந்திருக்கும். அந்தப் பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பது அவற்றின் அருமையினாலோ ஓசையினாலோ அல்ல. தூரத்திலிருந்த ஒருவர் நேசத்தோடு கூப்பிட்டார். ஆகையால் அவை நிலைத்தன.

அன்று இரவு மகனைத் தொலைபேசியில் அழைத்து, "உன் கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது" என்று இதைச் சொன்னேன். சற்றுநேரம் அமைதியாக இருந்தான். பிறகு, "ஆச்சி கூப்பிட்ட பேரும் எனக்கு நல்லாத்தான்ப்பா இருந்துச்சு" என்றான்.

ஆகவே என் கருத்து இதுதான். பெயர் என்பது அழைக்கப்படுவதற்கே. மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று ஆண்டவர் சொன்னார். ஆடுகளின் பெயர்களைப் பிறர் வியக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதைக் கேட்டு நிமிர்ந்து பார்க்கும் அந்நியரை மனதில் வைக்காமல், நாள்தோறும் அதைச் சொல்லிக் கூப்பிடப்போகிறவர்களை மனதில் வையுங்கள்.

இனி அந்தத் தம்பதியர் காட்டிய ஐந்து பெயர்களுக்கு வருகிறேன்.

பாலிகார்ப்: மிகுந்த கனியுள்ளவன் என்று பொருள். சிமிர்னா சபையின் கண்காணி. இரண்டாம் நூற்றாண்டின் இரத்தசாட்சி. 86 ஆண்டுகளாகத் தனக்கு ஒரு தீங்கும் செய்யாத தன் ராஜாவை எப்படி மறுதலிப்பேன் என்ற கருத்தில் பதில் சொல்லி நெருப்புக்குள் சென்றவர். பிள்ளைக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த வரலாறு அரிது. கூப்பிடவும் கடினமில்லை. இதற்கு என் சம்மதம் முழுமையாக உண்டு.

அத்தனாசியஸ்: சாவில்லாதவன் என்று பொருள். கிறிஸ்துவின் தெய்வத்துவத்தை அறிக்கையிட்டதற்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட அலெக்சந்திரியாவின் பேராயர். மனிதர் மாபெரும் மனிதர். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் "அத்தனை ஆசையா உனக்கு?" என்று யாராவது ஒரு பையன் கேட்காமல் விடமாட்டான். அதைச் சிரித்துக்கொண்டே தாங்கும் தைரியத்தையும் சேர்த்து வளர்ப்பீர்களானால் வையுங்கள்.

எராஸ்மஸ்: அன்புக்குரியவன் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லோடு தொடர்புள்ள பெயர். ரொட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் 1516-ஆம் ஆண்டில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு அது உதவியது. அவருக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆயினும் நீங்கள் இந்தப் பெயரை விரும்புவது அவரை நேசிப்பதாலா, அது ஒலிக்கும் விதத்தாலா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய வாழ்க்கையை இனிமேல்தான் வாசிக்கவேண்டும் என்றால், முதலில் வாசியுங்கள்.

அரிஸ்தர்க்கு: சிறந்த ஆளுகை செய்கிறவன் என்று பொருள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று பழங்காலத்திலேயே கூறிய சாமோஸ் தீவின் வானவியல் அறிஞருக்கும் இதே பெயர். ஆனால் தெசலோனிக்கேயனாகிய நம்முடைய அரிஸ்தர்க்கு யாரையும் ஆண்டதாகக் காணோம். எபேசுவின் கலகத்தில் பவுலுக்காக இழுத்துச் செல்லப்பட்டான், ரோமாபுரிக்கான ஆபத்தான கப்பற்பயணத்தில் கூடவே போனான், காவலிலும் உடனிருந்தான். கடைசிவரை கூட இருந்த ஒரு நண்பனின் பெயர் இது. நான்கில் எது என்று தயங்கினால் இதை நான் சொல்வேன். "அரி" என்று சுருக்கி அழைத்தாலும் குற்றமில்லை.

பிலொலோகு: இதைப்பற்றி அதிகம் சொல்ல என்னால் ஆகாது. வைப்பீர்களானால், பத்து வயதில் அவன் "ஆள் யாரு?" என்று கேட்கும்போது சொல்லவேண்டிய பதிலை மேலே எழுதியிருக்கிறேன். எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அது தெரிந்திருக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. நம் மண்ணின் முன்னோர் நடந்த வழி. நம் கத்தோலிக்கச் சகோதரர்களிடையே ஸ்தேவானுக்கு முடியப்பர் என்று பெயர் வழங்கியது. ஸ்தேவான் என்னும் கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று பொருள். பவுலுக்குச் சின்னப்பர் என்று பெயர். பவுல் என்றால் சிறியவன். 1745-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசரு என்ற பெயரைத் தேவசகாயம் என்று தமிழிலேயே இட்டார்கள். தேவன் உதவி செய்கிறார் என்பதே அந்த எபிரெயப் பெயரின் பொருள். லூக்கா தம் நூலை எழுதி அனுப்பிய தெயோப்பிலுவை நம்மவர் தேவநேசன் ஆக்கலாம். அப்படிப்பட்ட பெயருள்ளவர்கள் நம் சபைகளில் ஏற்கனவே இருக்கிறார்கள். அவர்கள் கிரேக்கம் அறியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கிரேக்கத்தின் பொருளை அறிந்து, பாட்டிமாரின் நாவுக்கு ஏற்றபடி அதைத் தமிழில் தந்தவர்கள் இருந்தபடியால்தான் இப்பெயர்கள் பிறந்தன. அதுவும் புலமைதான். என் புலமையைவிட மேலான புலமை என்றே இப்போது எண்ணுகிறேன்.

கடைசியாக அந்தத் தம்பதியருக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும், நீங்கள் தெரிந்துகொண்ட பெயரை ஆச்சியிடம் சொல்லுங்கள். முற்றத்தில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, பத்துத் தடவை உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். தடுமாறினால் திருத்தாதீர்கள். அவர்கள் வாயில் அந்தப் பெயர் எப்படி வருகிறது என்று கேளுங்கள். ஒன்று, அந்த வடிவத்தையே மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லது வேறு பெயரைத் தேடுங்கள். அடுத்த மாதம் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையின் பெயரை நான் ஒருமுறை சொல்வேன். அதை அவன் வாழ்நாளெல்லாம் சொல்லப்போகிறவர்கள் நீங்கள்.

நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்த கர்த்தர், நம் பிள்ளைகளை அன்போடு அழைக்கும் நாவையும், அவர்களுடைய பெயருக்குப் பின்னாலிருக்கும் நல்ல மனிதரைப்பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்